சாக்ஸ் போட்டுச் செருப்பு: ஒரு சின்ன சரித்திரம்

டிசம்பர் பிறந்துவிட்டால் டில்லித் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு பஞ்சாயத்து நடக்கும். ஊரிலிருந்து அப்பாவோ மாமனாரோ வந்திருப்பார். தரையில் கால் வைத்தால் ஐஸ் கட்டியில் வைத்த மாதிரி இருக்கும். அவர் பாட்டுக்கு ஒரு சாக்ஸை மாட்டி, அதற்கு மேல் செருப்பையும் மாட்டிக்கொண்டு பால் வாங்கக் கிளம்பிவிடுவார். "ஐயோ தாத்தா, யாராவது பாத்தா சிரிப்பாங்க" என்று பேத்தி ஆரம்பிப்பாள். மருமகள் ஒன்றும் சொல்ல மாட்டாள், ஆனால் முகம் சொல்லிவிடும். "ஷூ போட்டுக்கோங்கப்பா, இல்லேன்னா சாக்ஸைக் கழட்டுங்க" என்று மகன் தீர்ப்பு சொல்வான். வாழ்நாள் முழுக்க வெறுங்காலோடும் செருப்போடும் நடந்த மனிதருக்கு, எழுபது வயதில் ஷூ லேஸ் கட்டக் குனிய வேண்டிய தலையெழுத்து.

சிரிக்கப்போகிற அந்த "யாராவது" யார்? எப்போதிலிருந்து சிரிக்கிறார்கள்? கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் விஷயம் சிரிப்போடு நிற்கவில்லை.

முதலில் பழைய கதை. லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் ஒரு ஜோடி சாக்ஸ் இருக்கிறது. எகிப்தில் கிடைத்தது, சுமார் 1600 வருஷப் பழசு, சிவப்புக் கம்பளி. இரண்டு ஊசி வைத்துப் பின்னும் முறை பரவுவதற்கு முன், ஒற்றை ஊசியால் கண்ணி கண்ணியாகக் கோத்தது. அதில் கட்டைவிரலுக்குத் தனி அறை, மீதி நாலு விரலுக்கு ஒரே அறை. ஏன் என்று கேட்கவே வேண்டாம். நடுவில் செருப்பு வார் போக வேண்டும்! ஆக, சாக்ஸ் என்ற வஸ்து கிட்டத்தட்ட ஆரம்பத்திலேயே செருப்புக்காகத்தான் செய்யப்பட்டிருக்கிறது. ஜப்பானியரின் 'தபி'யும் இதே அமைப்புதான். குளிர்காலத்தில் டில்லி நடைபாதைகளில் குவித்து வைத்து விற்கிறார்களே, கட்டைவிரல் சாக்ஸ், அதுவும் இதுவேதான். (தாத்தாவுக்கு வாங்குபவர்கள் இதையே வாங்குங்கள். சாதா சாக்ஸோடு ஹவாய் செருப்பு போட்டால் வார் விரலிடுக்கில் உட்காராது. மாடிப்படியில் வழுக்கினால் சிரிப்பதற்கு ஒன்றும் இருக்காது.)

இங்கிலாந்தின் வட கோடியில் விண்டோலாண்டா என்று ஒரு பழைய ரோமானியக் கோட்டை. அங்கே 1973 முதல் மெல்லிய மரத்தகடுகளில் மையால் எழுதிய கடிதங்கள் கிடைத்து வருகின்றன. ஏறக்குறைய கி.பி. 100ஆம் ஆண்டை ஒட்டியவை. அதில் ஒரு கடிதத்துண்டு பார்சல் விவரம் சொல்கிறது. சில ஜோடி சாக்ஸ், இரண்டு ஜோடி செருப்பு, இரண்டு உள்ளாடை அனுப்பியிருக்கிறதாம். ஊரைவிட்டு எங்கோ குளிர்ப்பிரதேசத்தில் உத்தியோகம் பார்க்கிறவனுக்கு யாரோ நினைவாக அனுப்பிய மூட்டை. பருப்புப் பொடியும் அப்பளமும் இல்லையே தவிர, நமக்கு ஊரிலிருந்து வரும் பார்சலுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை :-)

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே கதை வேறு மாதிரி.

கம்பெனிக்காரர்கள் ஆள ஆரம்பித்தபோது, துரையைப் பார்க்கப் போகும் இந்தியர் பாதரட்சையை வாசலில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். "நாங்களாகவா கண்டுபிடித்தோம்? உங்கள் மரியாதைதானே இது" என்பது அவர்கள் நியாயம். விரிப்பில் சம்மணமிட்டு உட்காரும் சபைக்கு அந்த வழக்கம் பொருத்தம்தான். ஆனால் துரை பூட்ஸ் காலோடு நாற்காலியில் இருக்க, எதிரே இருப்பவர் மட்டும் வெறுங்காலோடு நிற்பது மரியாதையில் சேர்த்தியா, வேறு ஏதாவதா என்று படித்தவர்களுக்கு உறுத்த ஆரம்பித்தது. கல்கத்தாவில் பலர் இங்கிலீஷ் ஷூவும் ஸ்டாக்கிங்ஸும் போட ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களை என்ன செய்வது?

டல்ஹௌசி கவர்னர் ஜெனரலாக இருந்த 1854-ல் இதற்கு ஒரு தீர்மானம் போட்டார்கள். ஐரோப்பிய பாணியில் ஷூவும் காலுறையும் அணிந்த கனவான்கள் அரசாங்க நிகழ்ச்சிகளுக்கு அப்படியே வரலாம். நாட்டுச் செருப்பு என்றால் வழக்கம்போலக் கழற்ற வேண்டும். யோசித்துப் பாருங்கள், இரண்டும் தோல்தான், இரண்டும் தெருப் புழுதியில் நடந்ததுதான். ஒன்றுக்கு உள்ளே அனுமதி, மற்றதற்கு வாசல். சாக்ஸ் குளிருக்குப் போடுகிற துணியாக இல்லாமல் கேட் பாஸ் ஆனது இந்த நாட்டில்தான்.

1862-ல் சூரத் நீதிமன்றத்தில் மானெக்ஜி கவாஸ்ஜி எண்டீ என்ற பார்சிக்காரர் ஷூவைக் கழற்ற மறுத்தார். அவர் வேடிக்கை பார்க்க வந்தவர் இல்லை, அந்த நீதிமன்றத்துக்கே அசெஸராக இருந்தவர். அதோடு விடாமல் மேலதிகாரிகளுக்கு எழுதிப் போராடினார். 'ஷூ பிரச்சினை' என்றே இதற்குப் பெயர் விழுந்துவிட்டது.

எனக்கு எண்டீயைவிட வித்யாசாகரைத்தான் பிடிக்கிறது. ஈசுவர சந்திர வித்யாசாகர், 1856-ல் விதவை மறுமணச் சட்டம் வரக் காரணமாக இருந்த அதே மனிதர். வேட்டி, மேலே ஒரு துண்டு, காலில் தால்தலா செருப்பு, இதுதான் அவர் உடுப்பு. கவர்னரைப் பார்ப்பதானாலும் அதிகம் மாறாது. 1874-ல் வெளியூரிலிருந்து வந்த நண்பரை அழைத்துக்கொண்டு கல்கத்தா மியூசியத்துக்குப் போனார். ஆசியச் சங்கத்தின் நூலகமும் அப்போது அதே கட்டிடத்தில்தான் இருந்தது. கூட வந்தவர் இங்கிலீஷ் ஷூ போட்டிருந்ததால் தடையில்லை. இவரை மட்டும் வாசல்காரன் நிறுத்தினான். செருப்பை விட்டுவிட்டு வரலாம், இல்லை கையில் எடுத்துக்கொண்டு வரலாம் என்றான். வித்யாசாகர் ஒன்றும் பேசாமல் திரும்பிவிட்டார். சத்தம் போடவில்லை. வீட்டுக்கு வந்து கடிதம் எழுதினார். இங்கிலீஷ் ஷூவை அனுமதித்து நாட்டுச் செருப்பைத் தடுப்பதற்கு என்ன காரணம் என்று கேட்டார். உருப்படியான பதில் வரவில்லை. பத்திரிகைகளில் விவகாரம் பெரிதானது.

அவருக்குச் செருப்பு விஷயத்தில் ஒரு முன்கதையும் சொல்வார்கள். இந்துக் கல்லூரி பிரின்சிபால் கெர் என்பவரைப் பார்க்கப் போனபோது, அந்தத் துரை பூட்ஸ் காலை மேஜைமேல் நீட்டியபடியே பேசினாராம். பிறகு கெர் இவரைப் பார்க்க வந்தபோது, இவர் செருப்புக் காலை மேஜைமேல் நீட்டிக்கொண்டாராம். விசாரணை வந்தபோது, "நாகரிக தேசத்து மரியாதை இப்படித்தான் என்று அந்தத் துரையிடம்தான் கற்றுக்கொண்டேன்" என்கிற அர்த்தத்தில் விளக்கம் கொடுத்தார் என்று கதை.

இதே காலத்தில் வங்காள விரிகுடாவுக்கு அக்கரையில் நாடகம் தலைகீழாக நடந்தது. பர்மாவில் மிண்டோன் ராஜாவின் சபைக்குள் போக வெள்ளைக்காரத் தூதர்கள் ஷூவைக் கழற்றிவிட்டு, வெறும் காலுறையோடு தரையில் உட்கார வேண்டும். 1875-ல் டக்ளஸ் ஃபோர்சைத் தூது போய்த் திரும்பியதும், இனி கழற்றுவதில்லை என்று இந்திய சர்க்கார் முடிவு செய்தது. ராஜாவும் விட்டுக்கொடுக்கவில்லை. பிரிட்டிஷ் பிரதிநிதிக்கு அதன்பின் ராஜ தரிசனமே கிடையாது. பத்து வருஷத்தில் பர்மாவுக்கு ராஜாவே கிடையாது. யுத்தத்துக்கு மரம், வியாபாரம், பிரெஞ்சுக்காரர் பயம் என்று காரணங்கள் நிறைய. ஆனால் நேரில் பேச வழியில்லாமல் போனதற்கு ஒரு ஜோடி ஷூவும் காரணம். கல்கத்தாவில் "கழற்று" என்றவர்களுக்கு மாண்டலேயில் கழற்றச் சொன்னபோது வலித்திருக்கிறது.

வெள்ளைக்காரனை மட்டும் திட்டிவிட்டு முடித்துக்கொள்ளலாம். சௌகரியமாக இருக்கும். ஆனால் "உங்கள் வழக்கம்தானே" என்று அவன் சொன்னதில் பாதி உண்மை. நம் கிராமங்களில் மேல்சாதித் தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வைக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு 1854-ம் கிடையாது, 1874-ம் கிடையாது. சூரத்திலும் கல்கத்தாவிலும் கோபப்பட்ட கனவான்களில் எத்தனை பேர் அதைப் பற்றிக் கோபப்பட்டிருப்பார்கள்? இப்போதும் எப்போதாவது செய்தித்தாளில் உள்பக்கத்தில் இப்படி ஒரு செய்தி வந்து, படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறோம்.

சரி, சிரிப்புக்கு வருவோம். 1880-களில் எட்வர்ட் கார்ப்பென்டர் என்ற இங்கிலீஷ் எழுத்தாளர், இந்தியாவில் வேலை பார்த்த நண்பர் ஹரால்ட் காக்ஸிடம் செருப்பு கேட்க, காஷ்மீரிலிருந்து ஒரு ஜோடி போயிற்று. அதைப் பார்த்துத் தானே தைக்கக் கற்று மற்றவர்களுக்கும் தைத்துக் கொடுத்தார். சைவச் சாப்பாடு, எளிய வாழ்க்கை, சோஷலிசம் என்று பேசுகிற கூட்டத்தின் அடையாளமாக செருப்பு ஆனது. வித்யாசாகர் வாசலில் நிறுத்தப்பட்டு பத்துப் பன்னிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது! அந்தக் கூட்டத்தைக் கேலி செய்பவர்களும் உடனே கிளம்பினார்கள். 1937-ல் ஜார்ஜ் ஆர்வெல் பழரசம் குடிப்பவர்களோடு செருப்பு போடுபவர்களையும் ஒரே பட்டியலில் போட்டு நக்கலடித்தார். அங்கே கோடையில் சாக்ஸோடு செருப்பு போடுகிறவன் கோமாளி என்ற பிற்கால நகைச்சுவையும் இந்தப் பரம்பரையில் வந்ததுதான் என்பது என் கணிப்பு. ஆக நம் வீட்டுப் பேத்தி சிரிப்பது கடன் வாங்கிய சிரிப்பு. அவர்களுடைய கோடைக்காலச் சிரிப்பை டில்லி ஜனவரியில் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

காந்தி இந்தப் பிரச்சினையை வேறு வழியில் முடித்தார். தென்னாப்பிரிக்காவில் தானே செருப்பு தைத்தார், ஜெனரல் ஸ்மட்ஸுக்கே ஒரு ஜோடி கொடுத்தார். 1931 நவம்பரில் லண்டன் குளிரில் ஐந்தாம் ஜார்ஜைப் பார்க்க அரண்மனைக்குச் செருப்போடு போனார். சாக்ஸ் இல்லை. வாசலில் யாரும் நிறுத்தவில்லை.

சுதந்திரம் வந்த பிறகும் நம்ம ஊர் கிளப்புகள் நிறுத்தின. 1988-ல் பம்பாய் வில்லிங்டன் கிளப், வெறுங்காலோடு வந்த ஓவியர் எம்.எஃப். ஹுசேனை உள்ளே விடவில்லை. பரீட்சை மண்டபங்களில் விதி தலைகீழ். பிட் அடிப்பார்கள் என்று 2018-ல் பீகார் பள்ளித் தேர்வு வாரியம் ஷூ, சாக்ஸ் இரண்டையும் தடை செய்து, செருப்போடு வரச் சொன்னது. நீட் தேர்விலும் ஷூவுக்குத் தடை போட்டு, செருப்பை அனுமதித்தார்கள். வித்யாசாகர் இருந்திருந்தால் நிச்சயம் சிரித்திருப்பார்.

2014 ஜூலையில் சென்னையில் கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு புத்தக வெளியீடு. வேட்டியில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதி டி. ஹரிபரந்தாமனைத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் வந்தது. வேட்டியோ வேறு இந்திய மரபு உடையோ அணிந்தவரை, உடையைக் காரணம் காட்டித் தடுக்கக் கூடாது. செருப்பு அந்த 'உடை'யில் சேர்த்தியா என்பது, யாராவது அதற்காக வாசலில் நின்று வழக்குப் போட்டால்தான் தெரியும்.