வாடகை வீடும் கைம்பெண் ஓய்வூதியமும்

1994இல் இலண்டனில் ஒருவர் இறந்தார். வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில் இருந்தது. அந்த வீட்டில் பதினெட்டு ஆண்டுகள் அவரோடு வாழ்ந்து, அவர் உடல் முடங்கிப் படுத்த காலத்தில் இரவு பகலாகப் பராமரித்தவர் இன்னோர் ஆண். இனி அந்த வீட்டில் இருக்க இவருக்கு உரிமை உண்டா?

வழக்கு பிரபுக்கள் சபைவரை சென்றது. 1999இல் கிடைத்த தீர்ப்பு விசித்திரமானது: இவர் இறந்தவரின் 'குடும்ப உறுப்பினர்', ஆனால் 'வாழ்க்கைத்துணை' அல்லர். சொல் வேறுபாடுதான், ஆனால், வாழ்க்கைத்துணைக்குரிய வலுவான குடியிருப்புரிமை இதனால் கைநழுவியது. இதையொத்த இன்னொரு வழக்கில், 2004 ஜூனில், மனித உரிமைச் சட்டத்தின் துணைகொண்டு அதே சபை அந்தக் கதவையும் திறந்துவிட்டது.

அவ்வாண்டு நவம்பரில் நிறைவேறிய குடியியல் பங்காண்மைச் சட்டம், 2005 டிசம்பர் 5ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. 1883இல் இலங்கைக்கு ஒரு தண்டனைச் சட்டக்கோவையைத் தந்து ஒருபால் உறவைத் தண்டனைக்குரியதாக்கிய நாடு அது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

திருமணம் என்ற சொல்லைச் சட்டம் கவனமாகத் தவிர்த்தது. பதிவின்போது மதச் சடங்குக்கும் இடமில்லை. ஆனால் விளைவுகள் ஏறக்குறைய திருமணத்தினுடையவையே. துணைவர் விட்டுச்சென்ற வீட்டுக்கு 40 சதவீத மரபுரிமை வரி செலுத்த வேண்டியதில்லை; உயிலின்றி இறந்தால் சொத்தில் பங்குண்டு; பிரிவதானால் நீதிமன்றத்தின் கட்டளை வேண்டும். வாழ்நாளெல்லாம் ஒரே வீட்டில் வாழ்ந்த இரு வயோதிபச் சகோதரிகள் இதே வரிவிலக்கைக் கேட்டு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை சென்று 2008இல் தோற்றனர். அவர்கள்மீது எனக்கு இன்றும் அனுதாபமுண்டு.

ஓய்வூதியத்தில்தான் சட்டம் ஒரு பொறியை வைத்திருந்தது. 2005 டிசம்பருக்கு முந்திய சேவைக்காலத்தைக் கணக்கிலெடுக்காமல் விடுவதற்கு ஓய்வூதிய நிதியங்களுக்கு அனுமதி இருந்தது. வோக்கர் என்பவர் 1980 முதல் 2003வரை ஒரு நிறுவனத்தில் பணியாற்றி, சக ஊழியர்களைப் போலவே நிதியத்துக்குப் பணம் கட்டியவர். பங்காண்மையைப் பதிவுசெய்து, பின்னர் திருமணமும் செய்துகொண்டார். அவர் இறந்தால் துணைவருக்கு ஆண்டுக்குக் கிடைக்கக்கூடியது சுமார் 1,000 பவுண். மனைவி ஒருத்தி இருந்திருந்தால் அவளுக்குக் கிடைத்திருக்கக்கூடியது சுமார் 45,000 பவுண்.

கீழ் நீதிமன்றங்கள் தடுமாறின. ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது என அந்த விதிவிலக்கை உச்ச நீதிமன்றம் ஏகமனதாக ஒதுக்கித்தள்ளியது 2017 ஜூலையில்தான். அப்போது வோக்கர் ஓய்வுபெற்றுப் பதினான்கு ஆண்டுகளாகியிருந்தன.