தகுதி

பெயர்ச்சொல். ‘தகு’ (பொருந்து, ஏற்றதாக இரு) என்னும் வினையடியோடு ‘தி’ விகுதி சேர்ந்து பிறந்தது. பகு – பகுதி, தொகு – தொகுதி போல. தக்க, தகவு, தகாத ஆகியவை ஒரே வேரில் கிளைத்தவை.

இன்று தகுதி என்றால் மதிப்பெண், தரவரிசை, கட்-ஆஃப். திருக்குறளிலோ பொருள் வேறு. ‘நடுவு நிலைமை’ அதிகாரத்தின் முதற்குறளில் (111) வரும் ‘தகுதி’க்கு நடுவு நிலைமை என்றே பரிமேலழகர் பொருள் கொள்கிறார். அங்கே தகுதி, அளப்பவரிடம் இருக்கவேண்டிய அறம். பிற்கால வழக்கில் அது அளக்கப்படுபவர் காட்டவேண்டிய சான்றாகிவிட்டது.

இந்தப் பொருள்மாற்றத்தின் விலையை அரியலூர் அறியும். அம்மாவட்டத்துக் குழுமூர் மாணவி அனிதா 2017-இல் பிளஸ் டூ தேர்வில் 1200-க்கு 1176 எடுத்தார். மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டில் 720-க்கு 86. ஒரே ஆண்டில் ஒரே மாணவிக்கு இரண்டு ‘தகுதி’கள். உச்ச நீதிமன்றம் வரை போயும் மருத்துவ இடம் கிடைக்கவில்லை. செப்டம்பர் 1 அன்று இறந்தார்.

பல்கலைக்கழகங்களின் அரசியல் தத்துவ வகுப்புகளிலும் இன்று தகுதி என்பது சூடான விவாதம். தகுதி உள்ளவரே மேலே வரும் ‘தகுதியாட்சி’யை (meritocracy) மைக்கேல் யங் 1958-இல் எழுதிய நூல் எள்ளலாகவே சித்திரித்தது. வென்றவர்கள் தம் வெற்றியை முழுக்கத் தம் உழைப்பின் பலனாக எண்ணும் செருக்கை, ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் சாண்டல் 2020-இல் வெளியிட்ட நூலில் சாடினார்.

மாணவருக்குத் தகுதி உண்டா என்று கேட்பதற்கு முன், தேர்வுக்குத் தகுதி உண்டா என்று கேட்கவேண்டும். குறள் வழிப் பொருள் அதுவே.