ஹல்லா மலையிலிருந்து வீட்டுத் தோட்டத்துக்கு: கொரிய ஃபிர் அலங்கார மரமான வரலாறு

கொரியாவின் தென்கோடியிலுள்ள ஜேஜு தீவின் நடுவே 1,947 மீட்டர் உயர எரிமலையான ஹல்லா நிற்கிறது. அதன் மேல்சரிவுகளிலும் ஜிரி முதலிய தென்கொரிய மலைகளிலும் மட்டுமே இயற்கையாக வளரும் ஊசியிலை மரம் கொரிய ஃபிர். இன்று அது ஐரோப்பிய, அமெரிக்க நாற்றங்கால்களில் நிலையான விற்பனைச் சரக்கு. இம்மாற்றத்தை மேலைநாட்டுத் தாவரத் தேடலாளர்களின் செயலாகவே பலரும் எழுதுகின்றனர். மரத்தைக் கண்டெடுத்தவர்களைவிட அதைப் பெருக்கிய நாற்றங்கால்காரர்களுக்கே இதில் பெரும்பங்கு உண்டு என்பது இக்கட்டுரையின் வாதம்.

பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குருமார்களான உர்பேன் ஃபோரியும் எமில் தாக்கேயும் 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஜேஜுவில் தாவர மாதிரிகளைச் சேகரித்தனர். அவர்கள் சேகரித்த ஃபிர் மாதிரிகள் நெருங்கிய உறவுள்ள வேறு இனங்களோடு சேர்த்தே எண்ணப்பட்டன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆர்னால்டு மரப்பூங்காவுக்காக எர்னஸ்ட் ஹென்றி வில்சன் 1917இல் ஹல்லா மலை ஏறினார். இது தனி இனம் என்று நிறுவி, 1920இல் ‘ஏபியெஸ் கொரியானா’ என்று பெயரிட்டு வெளியிட்டார்.

பெயர் கிடைத்துவிட்டதால் மட்டும் ஒரு மரம் சந்தைக்கு வந்துவிடாது. ஃபிர் இனங்கள் பலவும் நன்கு உயர்ந்து முதிர்ந்த பிறகே கூம்பு கட்டும். அதுவும் உச்சிக் கிளைகளில். கீழே நிற்பவர் கண்ணுக்கு எட்டாது. கொரிய ஃபிர்ரோ ஒரு மீட்டர் உயரத்திலேயே காய்க்கத் தொடங்கிவிடும். 4 முதல் 7 செ.மீ. நீளமுள்ள ஊதாநீலக் கூம்புகள் கிளைமேல் நிமிர்ந்து வரிசைகட்டி நிற்கும். ஊசியிலையின் அடிப்பக்கம் வெள்ளை. வளர்ச்சி மிக மெதுவு. மரவியாபாரிக்கு அது குறை. சிறிய வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவருக்கு அதுவே வசதி. ஜேஜுவிலிருந்து போன குட்டையான வகையே தோட்டங்களில் பெரிதும் பரவியது தற்செயலன்று.

விதை வழியே பெருக்குவதில் தொல்லைகள் உண்டு. ஃபிர் கூம்பு முதிர்ந்ததும் மரத்திலேயே செதில்செதிலாக உதிர்ந்துவிடும்; அதற்குமுன் பறித்தாக வேண்டும். விதையில் பிசின் பைகள் உள்ளன. முரட்டுத்தனமாகப் புடைத்தால் அவை உடைந்து முளைப்புத்திறன் கெடும். பிறகு சில வாரம் ஈரக்குளிரில் வைக்க வேண்டும். இவ்வளவும் செய்தாலும், தோட்டத்து மரத்தின் விதையில் பக்கத்து ஃபிர் இனத்தின் மகரந்தம் காற்றில் வந்து கலந்திருக்கலாம். தாயைப் போலக் கன்று வரும் என்ற உறுதியில்லை. நம்மூர் ஒட்டுமாங்கன்றுக்குச் சொல்லும் அதே காரணத்தால் இங்கும் ஒட்டுக்கட்டுதல் தொழிலின் மையமாயிற்று.

குளிர்காலத்தில் தொட்டியில் வளர்ந்த வேர்ச்செடியைக் கண்ணாடிக் குடிலுக்குள் கொண்டுவருவார்கள். வெள்ளை வேர்முனைகள் தெரிந்ததும் தண்டின் பக்கவாட்டில் மெல்லிய சீவல் எடுத்து, ஒட்டுக்குச்சியைப் பொருத்திக் கட்டுவார்கள். ஒட்டு பிடித்த பிறகே வேர்ச்செடியின் தலையைச் சிறிது சிறிதாக வெட்டுவார்கள். பக்கக் கிளையிலிருந்து எடுத்த குச்சி ஆண்டுக்கணக்கில் படுத்தே வளரும். கம்பு நட்டு நிமிர்த்த வேண்டும். தானே நிமிர்ந்து வளரக்கூடிய தலைக்குருத்து ஒரு மரத்தில் ஒன்றிரண்டுதான் கிடைக்கும். கன்றின் விலை ஏறுவதற்கு இதுவும் காரணம். அமெரிக்கத் தென்மாநிலங்களின் வெப்பத்திலும் ஈரமண் வேரழுகலிலும் மரம் மடிந்ததால், அங்கே ஜப்பானிய மோமி ஃபிர்ரை வேர்ச்செடியாக்கினர்.

இத்தொழில்நுட்பம் இல்லையேல் ‘சில்பர்லாக்கே’ இல்லை. ஜெர்மனியின் ஷ்னெவர்டிங்கனில் குந்தர் ஹோர்ஸ்ட்மன் தேர்ந்தெடுத்த இந்த வகையில் ஊசிகள் மேல்நோக்கிச் சுருண்டு வெள்ளை அடிப்பக்கத்தைக் காட்டும். அதில் கிளைகள் நெருங்கிக் குறுகி வளர்ந்த ஒரு கொத்திலிருந்து ‘ஐஸ்பிரேக்கர்’ என்னும் குள்ள வகை பிறந்தது.

கொரியாவில் இந்த மரத்தைப் பற்றி ஒரு மனக்குறை நெடுநாளாக உண்டு: நம் மரத்தைக் கொண்டுபோய் உலகக் கிறிஸ்துமஸ் மரமாக்கிவிட்டார்கள் என்பது. அதில் மிகை இருக்கிறது. ஐரோப்பியச் சந்தையில் முன்னிற்பது நோர்ட்மன் ஃபிர்; அமெரிக்காவில் ஃப்ரேசர் ஃபிர். ஆனால் குறை வெறும் கற்பனையும் அன்று. வில்சன் மலையேறியபோது கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. கொரியரிடம் யாரும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. பல்லுயிர் உடன்படிக்கை 1993இலும், பயன்பகிர்வுக்கான நகோயா நெறிமுறை 2014இலும்தான் நடைமுறைக்கு வந்தன. இரண்டும் பின்னோக்கிச் செல்லாதவை.

இதற்கிடையே மலையில் மரம் குறைந்துவருகிறது. பனிப்பொழிவு குறைந்த குளிர்காலம், வசந்தகால வறட்சி, புயல் ஆகியவற்றால் ஹல்லாவில் பட்ட மரங்கள் கூட்டங்கூட்டமாக நிற்கின்றன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2011இல் இதை அழியும் நிலையிலுள்ள இனமாகப் பட்டியலிட்டது. உலகத் தோட்டங்களில் ஏராளமாக இருக்கிறதே என்ற ஆறுதல் பொருந்தாது: ‘சில்பர்லாக்கே’ எத்தனை ஆயிரம் விற்றாலும் மரபளவில் அது ஒரே மரம். விதைக்கன்றுகளிலோ கலப்பு உண்டு. கொரிய வனத்துறை வெவ்வேறு மலைகளின் விதையைத் தனித்தனியே சேகரித்துக் கன்று வளர்ப்பதே சரியான வழி. நாற்றங்கால்களிடமிருந்து மீட்புப் பணி பெறக்கூடியது கைத்திறன் மட்டுமே; கன்றுகள் அல்ல.