மகப்பேறும் மகளிர் உரிமையும்

நமது கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், பள்ளிக்கும் பாதைக்கும் பொதுக் கிணற்றுக்கும் நம் முன்னோர் நடத்திய போராட்டங்களை நன்றியுடன் நினைவு கூர்கின்றோம். அவற்றோடு ஒருங்கே வைத்து எண்ணத்தக்க வேறொரு போராட்டமும் உண்டு. பிள்ளை பெறுவதா, எப்போது பெறுவது, எத்தனை பெறுவது என்பதனை முடிவு செய்யும் உரிமை யாருக்குரியது என்பதே அது. இதனைப் பெண்கள் பேச்சென்று நாம் நெடுங்காலம் ஒதுக்கி வந்துள்ளோம். ஆயினும் இதனைச் சட்டமன்றம் வரை கொண்டு சென்றவர் நம் தலைவரே என்பதனை இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

மேலூர், வாடிப்பட்டி வட்டாரங்களின் வயல்களில் நடவும் களையெடுப்பும் செய்த நம் தாய்மார்கள், நிறைமாதத்திலும் சேற்றில் நின்றவர்கள். பிள்ளை பெற்ற சில நாட்களிலேயே வரப்போரத்து மரக்கிளையில் தூளி கட்டிக் குழந்தையைக் கிடத்திவிட்டு மீண்டும் வயலில் இறங்கியவர்கள். ஓய்வு கேட்கவும் அவர்களுக்கு வாயில்லை. அடுத்த பிள்ளை இப்போது வேண்டாமென்று சொல்லவும் வாயில்லை.

அண்ணல் அம்பேத்கர் இவ்விரண்டினையும் பேசினார். 1928ஆம் ஆண்டு சூலைத் திங்களில், ஆலைத் தொழிலாளப் பெண்களுக்குப் பேறுகால உதவி வழங்கும் மசோதாவை ஆதரித்துப் பம்பாய்ச் சட்டசபையில் வாதாடினார். 1934இல், கருத்தடை பற்றிய அறிவைத் தம் மராத்தி இதழின் வாயிலாகப் பரப்பிய ர. தோ. கார்வே ஆபாசக் குற்றம் சாட்டப்பட்டபோது, அவர்தம் வழக்கறிஞராக நின்றவரும் அண்ணலே. வழக்கு தோற்றது, அவர் கருத்து தோற்கவில்லை. 1938 நவம்பர் 10ஆம் நாள், கருத்தடை வசதிகளை அரசு மக்களுக்கு வழங்க வேண்டுமென்னும் தீர்மானம், அவர் சார்பில் ரோகாம் என்னும் உறுப்பினரால் பம்பாய்ச் சட்டமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. ஆதரவாகக் கிடைத்த வாக்குகள் 11; எதிராக விழுந்தவை 52. பெண்ணின் உடல்நலத்தைக் காக்கும் ஒரு தீர்மானத்திற்கு அன்றைய மன்றம் அளித்த மதிப்பு அவ்வளவே.

அதற்கு மூன்று நாள் கழித்து, நவம்பர் 13இல் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டில் ஈ. வெ. இராமசாமி அவர்களுக்குப் பெரியார் என்னும் பட்டம் வழங்கப்பட்டது. நம் சமூகத்தில் தோன்றிய அன்னை மீனாம்பாள் சிவராசு அம்மாநாட்டில் முன்னின்றவர்களுள் ஒருவர். பெரியாரும் இந்நிலை பற்றி அதற்கு முன்பே எழுதியும் பேசியும் வந்திருந்தார். கருத்தடையை ஆதரித்த பிறர், நாட்டின் வறுமையையும் மக்கட்பெருக்கத்தையும் காரணமாகக் காட்டினர். பெரியாரோ, பெண் விடுதலை பெறுவதற்கே அது வேண்டும் என்றார். 1929இல் செங்கற்பட்டிலும் 1931இல் நமக்கு அண்மையிலுள்ள விருதுநகரிலும் நடைபெற்ற சுயமரியாதை மாநாடுகளின் காலத்தில், குஞ்சிதம், நீலாவதி போன்ற இளம்பெண்கள் மேடையேறிப் பேசினர். படித்த இளம்பெண் தன் வாழ்வைத் தானே வகுக்கலாம் என்பதற்கு அவர்களே அன்றைக்குச் சான்றாக விளங்கினர்.

விடுதலைக்குப் பின் இந்தக் கோரிக்கை அரசுத் திட்டமாயிற்று. 1952இல் தேசியக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1950களின் பிற்பகுதியில் அன்றைய சென்னை மாநிலத்தில், அறுவை செய்துகொள்வோர்க்குப் பணமும் ஆள் அழைத்து வருவோர்க்குத் தரகும் வழங்கும் முறை வந்தது. பெண்ணின் விடுதலையென்று தொடங்கியது, இத்தனை பேர் என்னும் இலக்காக மாறிற்று. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77ஆம் ஆண்டில் மட்டும் நாடெங்கும் 80 இலட்சத்திற்கு மேற்பட்ட அறுவைகள் நடந்தன. வடமாநிலங்களில் ஏழை ஆண்கள் வலுக்கட்டாயமாகக் கொண்டு செல்லப்பட்டனர். அந்தச் சீற்றத்திற்கு அஞ்சிய அரசுகள், பின்னர் ஆண்களை விட்டுப் பெண்கள் பக்கம் திரும்பின. நாம் சிறுவராயிருந்த நாட்களில், சுவரில் சிவப்பு முக்கோணத்தையும் பள்ளிக் கட்டடத்தில் முகாமையும் கண்டதுண்டு. கூட்டிச் சென்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று இன்று நம் மூதாட்டியரைக் கேட்டால், "ஒன்றும் சொல்லவில்லை, வா என்றார்கள், போனோம்" என்பதே விடையாக வருகின்றது. பிள்ளை வேண்டாமென்று அவர்களும் எண்ணியிருக்கலாம். ஆனால், அவர்களைக் கேட்டவர் எவருமில்லை.

மறுபுறத்தில் வேறொரு கொடுமையும் நம் மாவட்டத்திலேயே வெளிப்பட்டது. உசிலம்பட்டிப் பகுதியில் பெண் சிசுக்கள் கொல்லப்படுவதனை 1986இல் இதழ்கள் வெளியிட்டன. 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொணர்ந்தது. கருவின் பாலினத்தை அறிவதனைத் தடுக்கும் மத்தியச் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. வரதட்சணைக்கு அஞ்சிய குடும்பம் பெண் மகவை வேண்டாமென்றது; தாயின் விருப்பத்தை அங்கும் எவரும் கேட்கவில்லை. முகாமிலும் வீட்டிலும் நிகழ்ந்த அநீதி ஒன்றே. அவள் வயிறு பற்றிப் பிறர் முடிவு செய்தனர்.

சட்டம் மெல்ல மெல்லவே திருந்தி வந்துள்ளது. 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம், தகுதி பெற்ற மருத்துவரின் பாதுகாப்பான உதவிக்கு வழி செய்தது. 1996இல் மத்திய அரசு அறுவை இலக்கு முறையைக் கைவிட்டது. எனினும் 2014இல் சத்தீசுகரின் பிலாசுபூர் மாவட்டத்தில், ஒரே முகாமில் 83 பெண்களுக்கு அறுவை செய்யப்பட்டு, தொடர்ந்து 13 பெண்கள் மாண்டனர். அத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2016இல் ஆணையிட்டது. 2021இல் கருக்கலைப்புச் சட்டம் திருத்தப்பட்டது. மணமாகாத 25 வயது இளம்பெண் ஒருவர் தொடுத்த வழக்கில், 2022 செப்டம்பர் 29ஆம் நாள், மணமானவர், மணமாகாதவர் என்னும் வேறுபாடின்றிப் பெண்கள் யாவர்க்கும் இவ்வுரிமை சமமே என அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டம் நூலில் இருந்தால் மட்டும் போதுமா? நாம் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றோம். கைக்குழந்தையோடிருந்த நம் ஊர்ப் பெண்ணொருத்தி மீண்டும் கருவுற்றாள். கருவைக் கலைக்க மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றவளிடம், கணவன் கையொப்பமிட வேண்டுமென்றனர். கணவனோ வெளியூரில் வேலையிலிருந்தான். இருமுறை அலைந்து திரும்பினாள், நாட்கள் கடந்துகொண்டிருந்தன. அவளுடைய நாத்தனார் நம்மிடம் பயின்று, கல்லூரியில் படிக்கும் மாணவி. "ஐயா, சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறதா?" என்று நம்மிடம் வந்து கேட்டாள். இது ஆசிரியரிடம் கேட்கத்தக்க செய்திதானா என்று நாம் தயங்கி, நாளை வா என்று அனுப்பிவிட்டோம் என்பதனை மறைப்பதற்கில்லை. அவள் மறுநாள் வரவில்லை. தானே சட்டத்தைத் தேடிப் படித்து, பதினெட்டு வயது நிறைந்த பெண்ணுக்கு அவளது ஒப்புதல் ஒன்றே போதும் என்னும் பிரிவை எழுதி எடுத்துக்கொண்டு, அண்ணியுடன் மருத்துவமனைக்குச் சென்று அமைதியாகக் காட்டினாள். வேலை முடிந்தது. ஆசிரியராகிய நாம் வெட்கினோம்; அவள் நம் மாணவி என்பதனால் பெருமையும் கொண்டோம்.

இளைஞர்களே! இவ்வுரிமைப் போரில் ஆண்களுக்கும் கடமையுண்டு. 2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவையோ நூற்றுக்கு ஒன்று கூட இல்லை. ஆணுக்குரிய அறுவை எளிதென்று அறிந்தும், சுமையைப் பெண்ணின்மீதே ஏற்றி வைத்திருக்கின்றோம். பதினெட்டு வயது நிறையுமுன் மகளை மணமுடித்துக் கொடுக்கும் பெற்றோரும் நம்மிடையே இன்னும் உளர். நம் சங்கம் மாலை வகுப்புகளில் கணக்கும் ஆங்கிலமும் கற்பிப்பதுடன், உடல்நலத்தையும் சட்டத்தையும் ஆண், பெண் இருபாலார்க்கும் கற்பிக்க இவ்வெள்ளி விழாவில் உறுதி கொள்வதாக!

அன்று பம்பாய் மன்றத்தில் கிடைத்தவை 11 வாக்குகள். அந்தப் பதினொன்றோடு தம் வாக்கைச் சேர்க்க வேண்டியவர்கள் இன்றைய நம் பிள்ளைகளே. இனி ஒரு மாணவி சட்டம் கேட்டு வந்தால், நாளை வா என்று நாம் சொல்லமாட்டோம்.