அமெரிக்கப் பட்டமேற்படிப்புக்கு விண்ணப்பித்தல்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் படிப்பிலோ முனைவர் பட்ட ஆய்விலோ சேர விரும்புபவர், வகுப்பு தொடங்குவதற்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு முன்பே தயாரிப்பில் இறங்குவது வழக்கம். நாடு முழுமைக்குமான ஒரே தரவரிசைப் பட்டியலோ பொதுக் கலந்தாய்வோ அங்கு கிடையாது. தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில் கட்-ஆஃப் மதிப்பெண் இடத்தை முடிவு செய்கிறது. அமெரிக்கப் பட்டமேற்படிப்பிலோ பெரும்பாலும் துறைப் பேராசிரியர்கள் அடங்கிய குழு விண்ணப்பங்களைப் படித்து முடிவெடுக்கிறது. மாணவர் என்ன படித்தார், எதைத் தாமே செய்து பார்த்தார், அடுத்து எதை ஆராய விரும்புகிறார், அதற்கு அந்தத் துறை ஏற்ற இடமா என்பவை குழு எழுப்பும் கேள்விகள். விண்ணப்பத்திலுள்ள ஆவணங்கள் ஒன்றுக்கொன்று துணைநின்று இவற்றுக்கு விடை தர வேண்டும்.

பின்னணி

அமெரிக்காவின் முதல் பிஎச்.டி. பட்டங்களை யேல் பல்கலைக்கழகம் 1861இல் வழங்கியது. 1876இல் பால்டிமோரில் தொடங்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம், ஜெர்மானிய முன்மாதிரியைப் பின்பற்றி ஆய்வைக் கல்வியின் மையத்தில் வைத்தது. விண்ணப்பதாரர்களை ஒப்பிட உதவும் பொதுத் தேர்வாக ஜிஆர்இ 1930களில் உருவானது. 1947இல் அமைந்த இ.டி.எஸ். நிறுவனம் பின்னர் அதை நடத்தும் பொறுப்பை ஏற்றது. கடந்த சில ஆண்டுகளில், குறிப்பாக 2020இன் பெருந்தொற்றுக்குப் பின், பல துறைகள் இத்தேர்வைக் கைவிட்டன அல்லது விருப்பத்துக்கு விட்டன.

காலத் திட்டம்

முதன்மைக் கல்வியாண்டு ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் தொடங்குகிறது. பிஎச்.டி. விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் முந்தைய டிசம்பரில் கெடு முடிகிறது. முதுநிலைப் படிப்புகளின் கெடு டிசம்பர் முதல் மார்ச் வரை, சில இடங்களில் அதற்குப் பின்னும் அமைகிறது. நான்காண்டுப் பொறியியல் மாணவர் படிப்பு முடிந்த கையோடு சேர விரும்பினால், மூன்றாம் ஆண்டின் பிற்பகுதியில் துறைகளைத் தேடவும் தேர்வுக்குப் படிக்கவும் தொடங்க வேண்டும். கோடை விடுமுறையில் தேர்வு எழுதி, ஆகஸ்ட், செப்டம்பரில் பரிந்துரையாளர்களை அணுகி, அக்டோபர், நவம்பரில் நோக்க அறிக்கையைத் திருத்தி முடிப்பது நிதானமான திட்டம்.

பிறரைச் சார்ந்த பணிகளை முதலில் தொடங்குவதே இத்திட்டத்தின் அடிப்படை விதி. நோக்க அறிக்கையை இரவு முழுவதும் விழித்திருந்தாவது எழுதி முடிக்கலாம். பேராசிரியரின் கடிதத்தையும், மதிப்பெண் சான்றுக்கான தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் முத்திரையையும் அப்படிப் பெற முடியாது.

துறையைத் தேர்ந்தெடுத்தல்

ஒட்டுமொத்தப் பல்கலைக்கழகத் தரவரிசை ஓரளவுக்கே உதவும். பிஎச்.டி. மாணவர் ஐந்தாண்டு அல்லது அதற்கும் மேலாக ஒரு வழிகாட்டியிடம் பணியாற்றுவதால், துறையிலுள்ள பேராசிரியர்களின் அண்மைக்கால ஆய்வுக் கட்டுரைகளைப் படிப்பது இன்றியமையாதது. முதுநிலைக்குச் செல்பவர் பாடத்திட்டம், ஆய்வேடு எழுதும் வாய்ப்பு, மொத்தச் செலவு ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். மூன்றாண்டு பி.எஸ்சி., பி.ஏ. பட்டத்தைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன. சில, பதினாறு ஆண்டுக் கல்வி முடித்திருக்க வேண்டும் என்கின்றன. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தனிக் கட்டணம் உண்டு என்பதால், இத்தகைய தகுதி விதிகளைப் பணம் கட்டுவதற்கு முன்பே சரிபார்ப்பது நல்லது. கட்டண விலக்குத் தரும் துறைகளும் உள்ளன. அதைத் தனியே கேட்டுப் பெற வேண்டும்.

தேர்வுகள்

ஜிஆர்இ பொதுத் தேர்வு 2023 செப்டம்பரில் சுருக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான தேர்வாயிற்று. மொழித்திறனுக்கும் கணிதத்திறனுக்கும் தனித்தனியே 130 முதல் 170 வரையும், எழுத்துத்திறனுக்கு 0 முதல் 6 வரையும் மதிப்பெண் உண்டு. மதிப்பெண் ஐந்தாண்டு செல்லும். ஆங்கிலத் திறனுக்கு டோஃபல் அல்லது ஐஇஎல்டிஎஸ் கேட்கப்படுகிறது. இவை இரண்டாண்டு மட்டுமே செல்லுபடியாவதால் மிக முன்கூட்டி எழுதுவதில் பயனில்லை.

நோக்க அறிக்கை

மாணவர்கள் எஸ்ஓபி என்று அழைக்கும் நோக்க அறிக்கை வழக்கமாக ஒன்று முதல் இரண்டு பக்கம் வரும். விண்ணப்பதாரர் தம் குரலில் பேசும் முதன்மையான இடம் இதுவே. சிறுவயது முதலே அறிவியலில் ஆர்வம் என்று தொடங்கும் அறிக்கை எவருக்கும் பொருந்தும்; அதனாலேயே எவரையும் அடையாளம் காட்டாது. தருமபுரி மாவட்டத்துக் கிணற்று நீரில் ஃபுளூரைடு அளவை ஆராய்ந்த ஒரு கட்டடப் பொறியியல் மாணவரை எடுத்துக்கொள்ளலாம். எத்தனை கிணறுகளில் நீர் எடுத்தார், மழைக்கு முன்னும் பின்னும் அளவு எப்படி மாறியது, எந்த முடிவை விளக்க முடியாமல் நின்றார், அதைத் தொடர அத்துறையின் எந்த ஆய்வுக்கூடம் உதவும் என்று அவர் எழுதினால், படிக்கும் பேராசிரியருக்கு ஓர் ஆய்வாளர் தென்படுவார். குறைந்த மதிப்பெண்ணோ அரியரோ இருந்தால் காரணத்தை ஓரிரு வரியில் நேராகச் சொல்லி, பின்னர் ஏற்பட்ட முன்னேற்றத்தைக் காட்டினால் போதும். பிறர் அறிக்கையை நகலெடுப்பதும், காசு கொடுத்து எழுதி வாங்குவதும் நேர்மைக் குறைவு. தெரியவந்தால் இடமே ரத்தாகலாம்.

பரிந்துரைக் கடிதங்கள்

பொதுவாக மூன்று கடிதங்கள் கேட்கப்படுகின்றன. மாணவர் பெயரை மட்டும் அறிந்த துறைத்தலைவரின் கடிதத்தைவிட, மாணவரின் செயல்திட்டத்தை வாரந்தோறும் பார்த்த உதவிப் பேராசிரியரின் கடிதம் வலுவானது. பரிந்துரையாளருக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து நேரடியாக மின்னஞ்சல் இணைப்பு செல்கிறது. அதன்வழித் திறக்கும் படிவத்தில், தாம் கற்பித்த மாணவர்களுள் இவர் முதல் 5 விழுக்காட்டினரா, முதல் 10 விழுக்காட்டினரா என்பதுபோன்ற கேள்விகளுக்கு விடையளித்துக் கடிதத்தைப் பதிவேற்றுகிறார். 1974ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, சேர்ந்த மாணவருக்குத் தம் கல்விப் பதிவுகளைப் பார்க்கும் உரிமை உண்டு. கடிதத்தைப் பொறுத்தவரை அவ்வுரிமையை விட்டுக்கொடுப்பதாகக் குறிப்பிட்டால், கடிதம் ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டது என்ற நம்பிக்கை கூடுகிறது. மாணவரே கடிதத்தை எழுதி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கும் பழக்கம் இந்த நம்பிக்கையைக் குலைக்கிறது. தம் விவரக்குறிப்பு, செயல்திட்ட அறிக்கை, கெடு நாள்களின் பட்டியல் ஆகியவற்றை ஆசிரியரிடம் ஆறு வாரம் முன்பே தருவதுதான் மாணவர் செய்யத்தக்க உதவி.

மதிப்பெண் சான்றும் பெயரும்

எல்லாப் பருவங்களின் மதிப்பெண்களும் அடங்கிய டிரான்ஸ்கிரிப்ட் சான்றைப் பல்கலைக்கழகத்திடமிருந்து அதிகாரபூர்வமாகப் பெற வேண்டும். முன்னெழுத்து முறையைப் பின்பற்றும் தமிழ் மாணவர்களுக்கு இங்கே தனிக் கவனம் தேவை. மதிப்பெண் பட்டியலில் முன்னெழுத்தோடும், பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரித்தெழுதப்பட்டும் இருந்தால், இரண்டும் ஒருவரின் பெயரே என்று விளக்க நேரிடும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால், அமெரிக்க விசாவில் அது குடும்பப் பெயராகிவிடும். இயற்பெயர் இடத்தில், ‘இயற்பெயர் தெரியவில்லை’ என்று பொருள்படும் ‘எஃப்.என்.யூ.’ பதிவாகும். தேர்வுப் பதிவு முதல் விசா வரை பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைத் தருவது பாதுகாப்பானது.

நிதி

அறிவியல், பொறியியல் துறைகளின் பிஎச்.டி. இடங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டண விலக்குடனும் உதவித்தொகையுடனும் வருகின்றன. அதற்கு ஈடாக மாணவர் கற்பித்தல் உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ பணியாற்றுகிறார். முதுநிலை மாணவர் பெரும்பாலும் சொந்தப் பணத்தையோ வங்கிக் கடனையோ நம்ப வேண்டியிருக்கும். இந்தியர்களுக்கான ஃபுல்பிரைட்-நேரு முதுநிலை நல்கைக்குத் தனி விண்ணப்பமும் தனிக் கெடுவும் உண்டு.

தொழிற்கல்விப் பள்ளிகள்

மேலாண்மைப் பள்ளிகள் ஜிமேட் அல்லது ஜிஆர்இ மதிப்பெண்ணையும் பணி அனுபவத்தையும் பார்க்கின்றன; விண்ணப்பங்களைப் பல சுற்றுகளாகப் பெறுகின்றன. சட்டப் படிப்பான ஜே.டி.க்கு 120 முதல் 180 வரை மதிப்பிடப்படும் எல்சாட் தேர்வும், மருத்துவப் படிப்புக்கு 472 முதல் 528 வரை மதிப்பிடப்படும் எம்கேட் தேர்வும் உள்ளன. அமெரிக்க மருத்துவப் பள்ளிகளில் வெளிநாட்டு மாணவர்களுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. இந்தியாவில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யுஎஸ்எம்எல்இ எழுதி, மருத்துவமனைப் பயிற்சி இடங்களுக்கு விண்ணப்பிக்கின்றனர்.

முடிவும் சேர்க்கையும்

முடிவுகள் பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை வருகின்றன. பல நூறு பல்கலைக்கழகங்கள் ஏற்றுள்ள ‘ஏப்ரல் 15 தீர்மானம்’ விண்ணப்பதாரருக்குக் காப்பாக உள்ளது. நிதியுதவியுடன் இடம் கிடைத்தவரை அந்நாளுக்கு முன் பதில் தரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அது. நிதியுதவி இல்லாத முதுநிலை இடங்களை அது கட்டுப்படுத்தாது. ஓரிடத்தை உறுதி செய்தவர் மற்ற இடங்களை உடனே மறுத்துவிட்டால், காத்திருப்போர் பட்டியலில் உள்ள வேறொருவருக்கு அவை கிடைக்கும். முதலாண்டுச் செலவுக்கான பணம் இருப்பதைக் காட்டியபின் பல்கலைக்கழகம் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தை அனுப்புகிறது. வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் செலுத்தி, எஃப்-1 மாணவர் விசா நேர்காணலை முடித்து, இறுதிப் பருவத்தின் டிரான்ஸ்கிரிப்டையும் பட்டச் சான்றையும் ஒப்படைத்தால் சேர்க்கை நிறைவடைகிறது.