காட்டிலிருந்து தோட்டத்துக்கு

சித்தூரிலிருந்து வேலூருக்குப் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சிற்றூர்க் கிறிஸ்தவக் கோயில். ஆர்க்காடு மிஷன் வழியில் வந்த சபை. ஓட்டுக்கூரை, சுண்ணாம்புச் சுவர், இரண்டு கல்தூணுக்கு நடுவே மணி. கோயிலை ஒட்டி, வேலிக்குள் கல்லறைகள். வேலிக் கதவின் தகரப் பலகையில் மேலே தெலுங்கில் 'சமாதுல தோட்ட', கீழே தமிழில் 'கல்லறைத் தோட்டம்'. உள்ளே நின்றவை இரண்டு வேம்பும் ஒரு நந்தியாவட்டையும். இரண்டு மொழியும் அதைத் தோட்டம் என்றே சொல்லின. அந்தச் சொல் என்னை அங்கேயே நிறுத்தியது.

இறந்தவரைக் கொண்டுபோகும் இடம் தமிழில் நெடுங்காலம் காடாகத்தான் இருந்தது. சுடுகாடு, இடுகாடு, ஈமக்காடு, புறங்காடு. தெலுங்கிலும் 'வல்லகாடு'. மரம் அடர்ந்த காடு அல்ல அது. ஊர் முடிந்து, ஏரும் விளக்கும் எட்டாத வெளி. மணிமேகலையில் வரும் சக்கரவாளக் கோட்டத்தை ஊரார் சுடுகாட்டுக் கோட்டம் என்றே அழைக்கிறார்கள். சுடுவது, வெறுமனே இட்டுவிடுவது, குழி தோண்டிப் புதைப்பது, தாழ்ந்த இடத்தில் அடைப்பது, தாழியால் கவிப்பது என ஐந்து வழக்கங்கள் அங்கே. எதைச் செய்தாலும் இடம் காடுதான்.

அரசர்களுக்கு மட்டும் வேறு பேச்சு. காளஹஸ்திக்கு அருகே, இன்றைய திருப்பதி மாவட்டத்தில், ஆதித்த சோழனுக்கு அவன் மகன் பராந்தகன் எடுத்த பள்ளிப்படை, அதாவது சமாதிக் கோயில், இருக்கிறது. 907 வாக்கில் இறந்த அந்த அரசனைக் கல்வெட்டு 'தொண்டைமானாற்றூர்த் துஞ்சின உடையார்' என்கிறது. பள்ளி என்றால் படுக்கை, துஞ்சுவது உறங்குவது. இந்தப் பக்கம் சித்தூர் எல்லையைத் தாண்டினால் மேல்பாடியில் சோழ அரசன் அரிஞ்சயனுக்கு ராஜராஜன் எழுப்பிய கோயில். அரிஞ்சயனும் 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்'. ஆங்கிலேயர் சொல்லும் சிமெட்ரிக்கும் மூலமான கிரேக்கச் சொல்லில் உறங்கும் இடம் என்றே பொருள். ஆனால் இங்கே அந்த உறக்கம் அரண்மனைக்குரியது. குடியானவனுக்குக் காடு.

இனி கல்லறை. அறை என்பதற்குப் பழைய செய்யுளில் பாறை என்றும் பொருள் உண்டு. கல்லறை என்றால் கல்லால் ஆன அறை, கல்லைக் குடைந்த உள். இயேசுவை வைத்தது பாறையில் வெட்டிய புதுக் குகையில் என்கிறது மத்தேயு சுவிசேஷம். தமிழ் வேதாகமம் அதற்குக் கல்லறை என்று எழுதியபோது சொல்லும் பொருளும் அப்படியே பொருந்தின. அந்த இடத்தில் ஒரு தோட்டம் இருந்தது என்று யோவான் 19ஆம் அதிகாரம் சொல்கிறது. கல்லறையும் தோட்டமும் ஒட்டிக்கொண்டது இந்த வழியாகத்தான் என்று நான் நம்புகிறேன். பிறகு பாறையும் அறையும் இல்லாத மண்மேட்டுக்கும் அதே பெயர் நிலைத்தது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் இன்னோர் அழகான சொல் வைத்திருக்கிறார்கள்: சேமக்காலை. பத்திரமாக வைத்துக்காக்கும் இடம் என்று காதில் விழும் சொல். போர்த்துக்கீசியரின் 'செமித்தேரியு'வும் அதற்குள் ஒலிப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்கள் ஆர்க்காடு மிஷனைத் தொடங்கியது 1853இல். 1911 வரை சித்தூர் வட ஆர்க்காடு ஜில்லாவில் இருந்தது. ஊழியம் தமிழிலும் தெலுங்கிலும் நடந்தது. கிராமங்களில் சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் சேரி மக்கள். ஊர்ச் சுடுகாட்டில்கூட இடம் மறுக்கப்பட்டவர்கள். அவர்கள் வீட்டுப் பிணம் கோயிலை ஒட்டி, பெயர் பொறித்த கல்லின் கீழ், தோட்டம் என்ற சொல்லுக்குள் வந்து படுத்தது. பள்ளிப்படையில் அரசனுக்கு இருந்த உறக்கமும் கூடவே வந்தது. கல்லுக்குக் கல் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று எழுதியிருக்கிறது. துஞ்சினார் என்பதும் அதேதான்.

எல்லாத் தோட்டமும் இப்படி அமைந்துவிடவில்லை. திருச்சி மேலப்புதூரில் கல்லறைகளுக்கு நடுவே சாதிக்காகச் சுவர் எழுப்பினார்கள். அந்தச் சுவர் நிற்கும் இடத்தில் தோட்டம் என்ற சொல் பொய்யாகிப்போகிறது. எனக்கு அது ஆறாத வலி.

நான் போன அன்று ஒரு பாட்டி, பிளாஸ்டிக் வாளியில் கரைத்த சுண்ணாம்பைத் தென்னை மட்டையால் ஒரு கல்லறைமேல் பூசிக்கொண்டிருந்தார். மட்டையின் நுனியை நைத்து நைத்து பிரஷ் போல ஆக்கியிருந்தார். தலைமாட்டுச் சிலுவையின் மூலைகளில் மட்டும் விரலாலேயே தடவினார். எழுத்துப் பள்ளங்களில் வழிந்த சுண்ணாம்பை முந்தானை நுனியால் ஒற்றி எடுத்தார். யாருடையது என்று கேட்டேன்.

"எங்கம்மாது நைனா. கல்லறைத் திருநாளுக்குள்ள வெள்ளை அடிச்சிடணும். மழ வந்தா கரஞ்சிடும்."

"தினம் வருவீங்களா பாட்டி?"

"கோயிலுக்கு வரப்பல்லாம் தோட்டத்துக்கு வந்துட்டுத்தான் போவேன். காட்டுலயா விட்டுட்டு வந்திருக்கோம்?"

சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கல்லுக்கு நகர்ந்தார். அது அவர் உறவு இல்லை. பூச ஆள் இல்லாத கல்.