நடுக்களமும் பின்காவலும்



கொழும்பு மாநகரின் கொம்பனித்தெருவிலே, மலே வீதி மைதானத்தில், ஒரு மாலை வேளையில் உதைபந்தாட்டம் நடைபெறுகின்றது என்று வைத்துக்கொள்வோம். எதிரணியினர் ஒரு கோலை அடித்துவிடுகின்றனர். மறுகணமே வேலியோரத்தில் நிற்கும் கூட்டத்திலிருந்து எழும் கூக்குரல் யாரை நோக்கிச் செல்கின்றது? பின்காவலரை நோக்கி, அவர் தப்பினால் கோல் காப்பாளரை நோக்கி. "ஆளைத் தப்பவிட்டாயே!" என்று ஒருவர் ஏசுவார். "பந்து கைக்கெட்டும் தூரத்திலன்றோ போயிற்று!" என்று மற்றொருவர் நொந்துகொள்வார். ஆனால், அந்தக் கோலுக்குப் பத்து விநாடிகளுக்கு முன்னர், மைதானத்தின் நடுவிலே பந்தைப் பறிகொடுத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டவரை எவரும் கடிந்துகொள்வதில்லை. எய்தவன் இருக்க அம்பை நோவது என்பது இதுதான்.

இந்தப் பழைய வழக்கை இன்று மறுவிசாரணைக்கு எடுத்துக்கொள்வோம். ஓர் அணியின் பின்காவல் உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் பின்வரிசையில் இல்லை; அதற்கு முன்னே நிற்கும் நடுவரிசையிலேயே உள்ளது. உதைபந்தாட்டத்தின் வரலாறு இதற்குப் பலமுறை சாட்சி கூறியிருக்கின்றது.

இந்த விசாரணைக்குக் கொம்பனித்தெரு மிகப் பொருத்தமான இடம். ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகளைத் தங்கவைத்திருந்த இடமாதலால், ஆங்கிலத்தில் இதற்கு 'அடிமைகளின் தீவு' என்று பெயர் வழங்கலாயிற்று; தமிழிலோ 'கொம்பனி' என்ற சொல் ஒட்டிக்கொண்டது. பின்னர் பிரித்தானியரின் இலங்கை றைபிள் படைப்பிரிவில் பணியாற்றிய மலாய் வீரர்கள் இப்பகுதியில் வாழ்ந்தனர். 1873ஆம் ஆண்டில் அப்படைப்பிரிவு கலைக்கப்பட்டது. ஆயினும் மலே வீதி, ஜாவா ஒழுங்கை என்னும் பெயர்கள் அவர்களை நினைவூட்டி நிற்கின்றன. கியூ வீதிச் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலின் மணியோசையும் பள்ளிவாசலின் பாங்கொலியும் ஒருங்கே கேட்கும் இவ்விடத்துக்கும் காலிமுகத்திடலுக்கும் இடையே நடை தூரமே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானியப் படையினர் பந்துதைத்து விளையாடியது அத்திடலிலேதான். அந்த விளையாட்டு ஒழுங்கைகளுக்குள் புகுந்தது. ஜாவா லேன் விளையாட்டுக் கழகம் போன்ற கழகங்களாக வளர்ந்தது. 1939இல் இலங்கை உதைபந்தாட்டச் சங்கமும் தோன்றியது.

இனி, நடுக்களத்தின் தொழில் யாது என்று பார்ப்போம். முன்வரிசைக்குப் பந்தைச் சேர்ப்பதே அதன் தொழில் என்று எண்ணுவோர் பலர். அது பாதி உண்மையே. எதிரியின் தாக்குதல் கோலை நெருங்குவதற்கு முன்னரே அதன் வேகத்தைத் தணித்து, திசையைத் திருப்பி, பின்காவலருக்கு மூச்சுவிட அவகாசம் தருவது மற்றப் பாதி.

நடுவரிசை தளர்ந்தால் என்ன நேர்கின்றது? முதலாவதாக, பந்தை வைத்திருக்கும் எதிரியை எவரும் நெருங்குவதில்லை. அவர் தலையை நிமிர்த்துகிறார். எங்கே தருவது, எப்போது தருவது என்று தாமே தீர்மானிக்கிறார். அப்போது பின்காவலருக்குத் தர்மசங்கடம். முன்னே பாய்ந்து அவரைத் தடுத்தால் முதுகுக்குப் பின்னால் வெளி திறக்கின்றது; நின்ற இடத்திலேயே நின்றால் எதிரி தூரத்திலிருந்தே கோலை நோக்கி உதைக்கின்றார். இரண்டில் எதைச் செய்தாலும் பார்ப்போர் கண்ணுக்குப் பிழை அவருடையதே.

இரண்டாவதாக, நம் அணி தாக்குவதற்காக விரிந்து நிற்கும் வேளையில் நடுவிலே பந்து பறிபோனால், பின்காவலர் தம் கோலை நோக்கி ஓடிக்கொண்டே காக்க வேண்டியவர் ஆகின்றார். முகத்தைப் பார்த்து நிற்கும் எதிரியைத் தடுப்பது வேறு. முதுகுப் புறமாகப் பறந்துவரும் பந்தையும் ஆளையும் ஒருசேரத் துரத்துவது வேறு.

மூன்றாவது கேடு கண்ணுக்கு எளிதில் புலப்படாதது. பின்காவலர் பந்தைத் தலையால் முட்டி வெளியேற்றுகிறார், கூட்டம் கைதட்டுகின்றது. ஆனால் அந்தப் பந்து விழும் இடத்தில் நம்மவர் எவரும் இல்லை. எதிரி அதை எடுத்து மறுபடியும் அனுப்புகிறார். இப்படி அலைமேல் அலையாக வரும்போது, ஐந்து தடவை காத்தவர் ஆறாவது தடவையில் கால் தளர்கின்றார். அந்த ஆறாவது தடவையே மறுநாட் பத்திரிகையில் 'பின்காவலின் பிழை' என்று அச்சாகின்றது.

இந்த உண்மையை உலகம் இலகுவில் கற்றுக்கொள்ளவில்லை. ஆதியிலே இங்கிலாந்தில் நிலைபெற்ற ஒழுங்கு 2-3-5 என்பது: பின்னே இருவர், நடுவே மூவர், முன்னே ஐவர். மூவரில் நடுநாயகமாக நின்ற 'சென்டர் ஹாவ்' தாக்குதலுக்கும் காவலுக்கும் அச்சாணியாக விளங்கினார். 1925இல் ஓவ்சைட் விதி திருத்தப்பட்டது. தாக்கும் வீரருக்கும் கோல் எல்லைக்கும் இடையே எதிரணியினர் மூவரேனும் இருக்க வேண்டும் என்றிருந்தது, இருவர் போதும் என்றாயிற்று. விளைவு உடனே தெரிந்தது. இங்கிலாந்தின் முதற்பிரிவில் 1924-25 பருவத்தில் அடிக்கப்பட்ட கோல்கள் 1192. அடுத்த பருவத்தில் அதே எண்ணிக்கையான ஆட்டங்களில் 1703.

1925 ஒக்டோபரில் ஆர்சனல் கழகம் நியூகாசிலிடம் 7-0 எனத் தோற்றது. பயிற்றுநர் ஹேர்பேர்ட் சப்மனும் மூத்த வீரர் சார்லி பக்கனும் கூடி ஆராய்ந்தனர். 'சென்டர் ஹாவ்' பின்னே இழுக்கப்பட்டு மூன்றாவது பின்காவலர் ஆனார். இந்தச் சீர்திருத்தத்தை யாவரும் அறிவர். ஆனால் அதன் மறுபாதியைப் பலர் மறந்துவிடுகின்றனர். நடுவிலிருந்து ஒருவரைப் பின்னே எடுத்தால் நடுக்களம் வெறுமையாகிவிடும். ஆகவே முன்வரிசையிலிருந்து ஒருவர் இறங்கி அந்த இடத்தை நிரப்ப வேண்டும் என்பது பக்கனின் வாதம். அன்டி நீல் என்பவரிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. அடுத்த ஆட்டத்தில் ஆர்சனல் வெஸ்ட் ஹாம் கழகத்தை 4-0 என வென்றது. பின்னே ஆளைக் கூட்டினால் மட்டும் காவல் பெருகிவிடாது என்பதை அந்த இருவரும் உணர்ந்திருந்தனர்.

இருபத்தெட்டு ஆண்டுகளின் பின்னர், அதே இங்கிலாந்து அப்பாடத்தை மறந்து தண்டனை பெற்றது. 1953 நவம்பர் 25ஆந் திகதி, வெம்ப்ளி மைதானத்தில் ஹங்கேரி 6-3 என வென்றது. ஹங்கேரியின் நடு முன்வீரர் நாண்டோர் ஹிடெக்குட்டி முன்னே நிற்காமல் நடுக்களத்துக்கு இறங்கி ஆடினார். அவரைக் காக்க வேண்டிய ஹரி ஜோன்ஸ்டன், பின்தொடர்ந்தால் கோலுக்கு முன் வெளி திறக்கும்; தொடராவிட்டால் ஹிடெக்குட்டி தடையின்றி ஆடுவார் என்ற நிலையில் தவித்தார். ஹிடெக்குட்டி மூன்று கோல்கள் அடித்தார். பழி ஜோன்ஸ்டன் மேல் விழுந்தது. ஆனால் கேள்வி அவரிடம் கேட்கப்பட வேண்டியதன்று. நடுவில் அந்த மனிதரை எதிர்கொள்ள ஏன் ஆளில்லை என்பதே கேள்வி. அது விடை காணாமலே இருந்தது போலும். ஆறு மாதங்களின் பின், 1954 மே மாதத்தில், புடாபெஸ்ட் நகரில் ஹங்கேரி 7-1 என மீண்டும் வென்றது.

நமது அயலிலும் இக்கதை உண்டு. 1952இல் கொழும்பில் ஆரம்பமான கொழும்புக் கிண்ணச் சுற்றுப்போட்டியில் இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா ஆகிய நாடுகள் மோதின; இந்தியாவும் பாகிஸ்தானும் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. அதே ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியா யூகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோற்றது. இந்திய வீரருட் பலர் பாதணியின்றி ஆடினர். தோல்விக்கு அதுவும் ஒரு காரணமே. ஆயினும் பயிற்றுநர் சையத் அப்துல் ரஹீம் பாதணியோடு நின்றுவிடவில்லை. ஹைதராபாத்தின் பாடசாலை ஆசிரியரான அவர், பந்தைத் தனியே கொண்டோடுதல் ஆகாது என்ற விதியோடு போட்டிகளை நடத்தியவர். குறுகிய தூரக் கைமாற்றங்களால் நடுவிலே பந்தை இழக்காது காப்பதே அவர் புகட்டிய பாடம். 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் இந்தியா அரையிறுதி வரை சென்றது. எதிரே நின்றது அதே யூகோஸ்லாவியா. இரண்டாம் பாதியில் நெவில் டி சூசா முதற் கோலை அடித்து இந்தியாவை முன்னிலைப்படுத்தினார். இறுதியில் 4-1 எனத் தோல்விதான். ஆனால் பத்துக்கும் நான்குக்கும் இடையிலுள்ள தூரம் நான்காண்டு உழைப்பின் தூரம். 1962இல் ஜகார்த்தாவில், ரஹீமின் அணி தென்கொரியாவை 2-1 என வென்று ஆசிய விளையாட்டுப் போட்டியின் தங்கப் பதக்கத்தைப் பெற்றது.

நமக்கோ 1964 ஜனவரி 12ஆந் திகதி வந்தது. அன்று கொழும்பில் கிழக்கு ஜேர்மனி இலங்கையை 12-1 என வென்றது. வெற்றிபெற்ற அணியின் பயிற்றுநர் கரோலி ஷோஷ் ஒரு ஹங்கேரியர். அந்நாட்டு வீரரே அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜேர்மனியின் பெயரால் ஆடி வெண்கலப் பதக்கம் பெற்றனர். ஆகவே, எதிரி வலியவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். ஏழரை நிமிடத்துக்கு ஒரு கோல் வீதம் விழுந்த ஆட்டத்தை ஒரு பின்காவலரின் தலையில் கட்டுவது நீதியாகுமா? ஒவ்வொரு கோலின் பின்பும், விதிப்படி, பந்து மைதானத்தின் மத்தியில் வைக்கப்பட்டு, கோல் வாங்கிய அணியின் காலுக்கே கொடுக்கப்படுகின்றது. அதாவது, எதிரியே நம்மிடம் பந்தைத் திருப்பித் தந்துவிடுகின்றார், அதுவும் நடுக்களத்திலே! அங்கிருந்து அப்பந்து மீண்டும் மீண்டும் நம் கோலுக்குள் வந்து சேருமாயின், பயணத்தின் தொடக்கத்தை விட்டுவிட்டு முடிவை மட்டும் விசாரிப்பது எங்ஙனம்?

நம் ஒழுங்கைகளில் பிறந்த ஆட்டத்துக்கு ஒரு தனியழகு உண்டு. இரு சுவர்களுக்கிடையே, நான்கடி இடத்திலே, பந்தைக் காலோடு ஒட்டவைத்து ஒருவரை ஏமாற்றும் வித்தையை ஒழுங்கை கற்றுத்தரும். ஆனால் நடுவரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையே எத்தனை அடி இருக்க வேண்டும், கூட்டாளி முன்னே சென்றால் அவர் விட்ட இடத்தை யார் நிரப்ப வேண்டும் என்பவற்றை ஒழுங்கை கற்றுத்தர இயலாது. அவை விரிந்த மைதானத்தில் மட்டுமே கற்கத்தக்கவை. கொம்பனித்தெருவில் மாடிகள் உயர உயர, நிலம் அருகிவருகின்றது. எஞ்சியுள்ள மைதானத்தைக் காப்பதும் ஒருவகையில் நம் பின்காவலரைக் காப்பதே. நம்மவருக்கு ஆற்றல் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. 1995இல் இதே கொழும்பில் இலங்கை இந்தியாவை 1-0 என வென்று தெற்காசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது அன்றோ!

நேயர்களே, பின்காவலர் ஒருபோதும் பிழைசெய்வதில்லை என்று நான் வாதிக்கவில்லை. அவரும் தவறுவார், கோல் காப்பாளரும் தவறுவார். ஆனால் அடுத்த முறை மைதானத்துக்குச் செல்லும்போது ஒன்று செய்யுங்கள். கோல் விழுந்ததும் குரலெழுப்புமுன், அதற்குப் பத்து விநாடிக்கு முந்திய காட்சியை மனக்கண்ணில் மீட்டுப் பாருங்கள். பந்து எங்கே பறிபோயிற்று? பறித்தவரை யார் நெருங்கினார்? நடுவில் திறந்த வெளியை யார் அடைத்தார்? இம்மூன்றுக்கும் விடை தேடிய பின்னரும் பின்காவலரே குற்றவாளி என்று தோன்றினால், அப்போது ஏசுங்கள். பெரும்பாலும், அந்த நேரத்துக்குள் உங்கள் கோபம் வேறொருவர் மேல் திரும்பியிருக்கும். அல்லது தனியொருவர் மேல் கோபம் கொள்ள இடமில்லை என்பது தெளிவாகியிருக்கும். ஏனெனில், பதினொருவரும் சேர்ந்தே காக்கின்றனர். காவல் உடையும்போதும் பதினொருவரும் சேர்ந்தே உடைகின்றனர்.